மரத்தை கோக் கலவையில் 5 சதவீதம் சேர்த்தால் சிஎஸ்ஆர் தாங்குமா?

கலவைமேடை | பதிவு 1

நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு இரும்பு உலைக்கான கோக் ஆக்கும் அடுப்பு, மேல்வழி சார்ஜிங் (கலவையை மேலிருந்து கொட்டும் வகை). அறை அகலம் 450 மி.மீ., கோக்காக 18 மணி நேரம். கலவையில் வாலடைல் (சூட்டில் ஆவியாகப் போகும் பங்கு) 25 சதவீதம், சாம்பல் 9 சதவீதம், கீசலர் ஃப்ளூயிடிட்டி (சூட்டில் நிலக்கரி எவ்வளவு இளகுகிறது என்ற அளவு) 400 டிடிபிஎம் வாக்கில். கோக்கின் சிஎஸ்ஆர் (கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்த பிறகும் மிஞ்சும் வலிமை) 64, சிஆர்ஐ (அந்த வினையில் இழக்கும் எடையின் சதவீதம்) 24. நிலக்கரியில் 5 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மரம் போட வேண்டும் என்பது இலக்கு.

மரத்தூளை அப்படியே கன்வேயரில் விட்டால் போதும், தனியாகக் கரியாக்கும் செலவு எதற்கு, அடுப்புக்குள் 1000 டிகிரியில் எப்படியும் கரியாகத்தானே போகிறது என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். இது நிற்குமா? நிற்காது என்றால் எங்கே இடிக்கும்?

கரிமுட்டம் | பதிவு 2

கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டால் படுத்துவிடும்.

உலர்ந்த மரத்தில் வாலடைல் 80 சதவீதம் போல இருக்கும். 1000 டிகிரிக்குப் போனால் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்குதான். 100 கிலோ கலவையில் 5 கிலோ மரத்தூள் போட்டால் கோக்கில் தங்குவது 1 கிலோ. மீதி 95 கிலோ நிலக்கரியிலிருந்து 72 கிலோ வரும். ஆக, கோக்கில் மரத்தின் பங்கு 1.4 சதவீதம். இதையா 5 சதவீத மாற்று என்று எழுதப் போகிறீர்கள்?

அதே 5 கிலோவை வாலடைல் 11 வாக்கில் இறக்கிய மரக்கரியாகப் போட்டால் ஏறக்குறைய 4.45 கிலோ தங்கும். கோக்கில் பங்கு 5.8 சதவீதம்.

மரத்தூளிலிருந்து போன அந்த 4 கிலோ எங்கே போகிறது என்றும் பாருங்கள். தண்ணீர், அசெட்டிக் அமிலம், ஃபீனால் வகைகள், கார்பன் டை ஆக்சைடு. அமோனியா லிக்கரில் (அடுப்பு வாயுவைக் குளிர்விக்கும் நீரில்) ஃபீனால் ஏறும், எரிவாயுவின் கலோரி இறங்கும், கூலருக்கு முன்னால் உள்ள குழாயில் அரிப்பு கூடும். துணைப்பொருள் பிரிவுக்காரர்களைக் கேட்காமல் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு 1000 டன் கலவை என்றால் 5 சதவீதம் 50 டன் கரி. கரியாக்கும்போது விளைச்சல் 25 முதல் 30 சதவீதம்தான், அதனால் 170 முதல் 200 டன் உலர்ந்த மரம் வேண்டும். தினமும்.

உருகுநிலை | பதிவு 3

கரிமுட்டம் சொன்னது அளவுக் கணக்கு. தரத்தில் இடிப்பது வேறு இடத்தில்.

கோக்கிங் நிலக்கரி சுமார் 380 – 420 டிகிரியில் இளக ஆரம்பித்து, 450 வாக்கில் நன்றாக இளகி, 480 – 500க்குள் இறுகிவிடுகிறது. தூள் தூளாகப் போட்ட கரி ஒரே கட்டியாக ஒட்டுவது இந்த 100 டிகிரி இடைவெளியில்தான். மரத்தில் ஹெமிசெல்லுலோஸ் 220 – 315லும், செல்லுலோஸ் 315 – 400லும் சிதைந்துவிடும். லிக்னின் மட்டும் நீண்ட வெப்ப எல்லையில் மெல்ல மெல்லக் கழியும். அதாவது நிலக்கரி இளகும் நேரத்தில் மரம் ஏற்கெனவே ஓட்டை ஓட்டையான கரித்துண்டாக நிற்கிறது. இளகாது, ஒட்டாது. இளகிய நிலக்கரியை மையுறிஞ்சும் தாள் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். பச்சை மரம் போட்டாலும் சரி, கரியாக்கிப் போட்டாலும் சரி, இந்த உறிஞ்சல் உண்டு. பச்சை மரத்தில் ஆக்சிஜன் கலந்த ஆவிகளும் நிலக்கரியோடு வினைபுரிந்து இளக்கத்தை இன்னும் கெடுக்கும்.

கீசலர் சோதனையை இந்த விஷயத்தில் அப்படியே நம்பக் கூடாது. அதற்கு எடுப்பது 5 கிராம், அதுவும் 0.425 மி.மீ.க்குக் கீழே அரைத்தது. மரக்கரியையும் சேர்த்து அந்த அளவுக்கு அரைத்தால் பரப்பு பல மடங்கு கூடி, ஃப்ளூயிடிட்டி தலைகீழாக விழும். அடுப்பில் 5 மி.மீ. துண்டாகப் போகிற கரி அவ்வளவு கெடுக்காது. கீசலர் எண்ணை ‘மிக மோசமான நிலை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரக்கரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும், அடுப்பில் என்ன நடக்கும் என்று சொல்லாது.

கலவைமேடை | பதிவு 4

> அடுப்பில் 5 மி.மீ. துண்டாகப் போகிற கரி அவ்வளவு கெடுக்காது

கோக் பிரீஸ் (கோக் தூள்) சேர்க்கும்போது இதற்கு நேர்மாறாக அல்லவா சொல்வார்கள்? இளகாத பொருளை நைசாக அரை, இல்லையென்றால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் விரிசல் விழும் என்று. எதை எடுத்துக்கொள்வது?

உருகுநிலை | பதிவு 5

இரண்டும் சரி. வித்தியாசம் சுருக்கத்தில் இருக்கிறது.

கோக் பிரீஸ் ஏற்கெனவே 1000 டிகிரி பார்த்தது, திரும்பச் சூடாக்கினால் சுருங்காது. அதைச் சுற்றியுள்ள நிலக்கரி இறுகிய பிறகு 1000 வரை போகையில் சுருங்கும். நடுவில் சுருங்காத துண்டு, சுற்றிலும் சுருங்குகிற ஓடு. ஓடு வெடிக்கும். அதனால் பிரீஸை அரை மி.மீ.க்குக் கீழே அரைக்கிறார்கள். 500 – 600 டிகிரியில் செய்த மரக்கரி அப்படியில்லை. 1000க்குப் போகும் வழியில் அதுவும் சுருங்கும், சுற்றியுள்ள அரைகுறைக் கோக்கோடு ஓரளவு சேர்ந்தே சுருங்கும். விரிசல் குறைவு. அதே கரியை 900 டிகிரியில் செய்து வாங்கினால் அது பிரீஸ் மாதிரி நடந்துகொள்ளும்.

கரி எந்த வெப்பத்தில் செய்யப்பட்டது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ‘வாலடைல் 10 முதல் 15’ என்று ஒரு வரம்பு வைத்தால் ஏறக்குறைய அதே வேலையைச் செய்துவிடும்.

துண்டு அளவைப் பற்றி வெளியான முடிவும் உண்டு. கனடாவின் கேன்மெட் ஆய்வகத்தார் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், நைசான மரக்கரியைவிடக் கொரகொரப்பான கரி சிஎஸ்ஆரைக் குறைவாகவே இறக்கியது. பரப்பு குறைவு, உறிஞ்சுவதும் குறைவு, வினைபுரிவதும் குறைவு. நான் முதலில் சோதிக்கச் சொல்வது 3 – 6 மி.மீ.

அடுப்புமேல் | பதிவு 6

3 – 6 மி.மீ. வாங்கி என்ன பயன், அதை ஹாமர் மில்லுக்கு முன்னால் போட்டால்? நிலக்கரியில் 80 – 85 சதவீதம் 3 மி.மீ.க்குக் கீழே வர அரைக்கிறோம். மரக்கரி அதைவிட எளிதில் நொறுங்கும், மில்லைத் தாண்டும்போது பாதி மாவாகிவிடும். மரக்கரிக்குத் தனி பங்கர் (சேமிப்புத் தொட்டி), தனி எடை ஃபீடர், சேர்க்கும் இடம் மில்லுக்குப் பின்னால். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மில்லுக்குப் பின்னால் சேர்த்தால் கலப்பது குறையும், அது அடுத்த தலைவலி. கன்வேயரின் மேல் கரி தனி அடுக்காகப் படுத்துக்கொண்டு வரும். குறைந்தது இரண்டு டிரான்ஸ்ஃபர் பாயின்டாவது (ஒரு கன்வேயரிலிருந்து அடுத்ததில் விழும் இடம்) தாண்ட வேண்டும், இல்லையென்றால் மிக்சர் வேண்டும். நிலக்கரி டவரில் கொட்டும்போது லேசான, பெரிய துண்டுகள் குவியலின் சரிவில் உருண்டு சுவரோரம் போய்ச் சேரும். டவரின் ஓர ஹாப்பரிலிருந்து எடுக்கிற சார்ஜில் 8 சதவீதமும் நடு ஹாப்பரில் 3 சதவீதமும் இருந்தால் சராசரி 5 என்று சொல்லிக்கொள்ளலாம், கோக் அப்படிச் சொல்லாது.

அடர்த்தி இதைவிடப் பெரிய அடி. உங்கள் கலவை அறைக்குள் கன மீட்டருக்கு 780 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மரக்கரி 250. 95 கிலோ நிலக்கரி 0.122 கன மீட்டர், 5 கிலோ கரி 0.020. மொத்தம் 0.142. ஆக 705 கிலோ. 35 கன மீட்டர் அறையில் 27.3 டன் போன இடத்தில் 24.7 டன். இது மேல்வரம்புக் கணக்கு. சிறு துண்டுகள் இடைவெளியில் புகுந்துகொள்வதால் நடப்பில் இவ்வளவு விழாது. ஆனாலும் 5 சதவீதக் கரிக்காக அறையிலிருந்து கோக்கை வெளியே தள்ளும் ஒவ்வொரு முறையும் இரண்டு டன் உற்பத்தி போகலாம் என்பதை மேலே உள்ளவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடர்த்தி விழுந்தால் துகள்கள் விலகி நிற்கும், ஒட்டுவதும் குறையும். சிஎஸ்ஆர் இறங்கியதில் பாதிப் பழி இதன் மேல்தான் இருக்கும், எல்லாரும் கரியின் வினைத்திறனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

சுவரோரம் | பதிவு 7

ஸ்டாம்ப் சார்ஜிங்கில் இந்த அடர்த்திப் பிரச்சினை பெரும்பாலும் அடிபட்டுவிடும். கலவையை இடித்து இறுக்கினால் கன மீட்டருக்கு 1000 – 1100 கிலோ கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது கேக்கின் (அப்படி இறுக்கிய கட்டியின்) ஈரம். கேக் நிற்க 8 – 11 சதவீத ஈரம் வேண்டும், மரக்கரி அந்தத் தண்ணீரைத் தன் துளைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். மீட்டர் 10 காட்டும், துகள்களுக்கு இடையே ஒட்ட வைக்கிற தண்ணீர் இருக்காது. கேக் அடுப்புக்குள் போகும் வழியில் மூலை உடைந்து விழும். பச்சை மரத்தூள் போட்டால் அது ஸ்பிரிங் மாதிரி திரும்ப எழும்பும், இன்னும் மோசம்.

ஒரு நல்ல செய்தி: சுவர் அழுத்தம் குறையும். இளகிய அடுக்கில் வாயு தப்பிக்கக் கரித்துண்டுகள் வழி விடுகின்றன. அழுத்தம் அதிகம் தருகிற குறைந்த வாலடைல் நிலக்கரி கலவையில் இருந்தால் இது உண்மையிலேயே உதவும்.

சாம்பல்கணக்கு | பதிவு 8

சாம்பலைப் பற்றி யாரும் பேசவில்லையே.

மரக்கரியில் சாம்பல் குறைவு, அதனால் நல்லது என்று விற்பனைத் தாளில் போடுவார்கள். அளவு குறைவுதான், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியமும் பொட்டாசியமும். இரண்டும் கார்பன் – கார்பன் டை ஆக்சைடு வினைக்கு வினையூக்கி. நிலக்கரிச் சாம்பல் சிலிக்கா, அலுமினா. அது சும்மா கிடக்கும்.

திருத்திய காரத்தன்மைக் குறியீட்டைப் (சாம்பலில் உள்ள கார, அமில ஆக்சைடுகளை வைத்து கோக்கின் வினைத்திறனைக் கணிக்கும் எண்) போட்டுப் பார்க்கலாம். உங்கள் கலவை: சாம்பல் 9, வாலடைல் 25, சாம்பலில் கார ஆக்சைடு 12, அமில ஆக்சைடு 85 என்று வைத்தால் குறியீடு 1.69. இதில் 5 சதவீத மரக்கரி, சாம்பல் 3, அதில் கார ஆக்சைடு 80, அமில ஆக்சைடு 15, வாலடைல் 10. புதிய குறியீடு 1.81. கூடியது வெறும் 0.12. இதை வைத்து சிஆர்ஐ ஒரு புள்ளிதான் ஏறும் என்று கணித்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தக் குறியீடு சாம்பல் முழுவதும் கோக்கில் சமமாகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது. மரக்கரியில் கால்சியம் அணு அளவில் கார்பனோடு ஒட்டியிருக்கிறது, அந்தக் கார்பனும் ஒழுங்கற்ற, துளை நிறைந்த கார்பன். கார்பன் டை ஆக்சைடு முதலில் தின்பது அதைத்தான்.

பட்டை வேண்டாம். பட்டையில் சாம்பல் மரத்தைவிடப் பல மடங்கு, மண்ணும் ஒட்டியிருக்கும். பட்டை உரித்த மரத்திலிருந்து செய்த கரி என்றால் பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீரில் அலசினால் பொட்டாசியம் ஓரளவு போகும், கால்சியம் போகாது. அதற்கு அமிலம் வேண்டும், அமிலத்தில் கழுவினால் திரும்பத் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். ஆய்வகத்தில் அழகாக வேலை செய்யும், டன் கணக்கில் செய்தால் கழிவுநீரே ஒரு தொழிற்சாலை ஆகிவிடும்.

பாஸ்பரஸைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: கரியில் 0.06 சதவீதம் பாஸ்பரஸ், டன் இரும்புக்கு 380 கிலோ கோக் என்று வைத்தால், மரக்கரி வழியாக வருவது இரும்பில் 0.0015 சதவீதம்தான். 5 சதவீதச் சேர்க்கைக்கு இது பொருட்டே இல்லை.

டுயர்வாசல் | பதிவு 9

சிஆர்ஐ ஏறுவதை ஏன் எல்லாரும் குற்றமாகவே பார்க்கிறீர்கள்? ஜப்பானில் வேண்டுமென்றே கால்சியம் சேர்த்து, வினைத்திறன் கூடிய கோக் செய்து ஊதுலையில் (தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் உலையில்) போட்டிருக்கிறார்கள். வினை குறைந்த வெப்பத்திலேயே தொடங்கினால் வெப்ப இருப்பு மண்டலத்தின் (உலைக்குள் வெப்பம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும் பகுதியின்) வெப்பம் இறங்கும், வாயு நன்றாகப் பயன்படும், ரிடக்டன்ட் (தாதுவின் ஆக்சிஜனை நீக்கும் கோக், கரி) செலவு குறையும்.

சாம்பல்கணக்கு | பதிவு 10

அந்தக் கால்சியக் கோக்கில் வினைத்திறனைக் கூட்டிக்கொண்டே வலிமையையும் காப்பாற்றினார்கள், அதுதான் அந்த வேலையின் சாரமே. மரக்கரியில் இரண்டும் சேர்ந்து எதிர்த்திசையில் போகின்றன. சிஆர்ஐ 24லிருந்து 30க்கு ஏறி, சிஎஸ்ஆர் 64இலேயே நிற்கும் என்று காட்டுங்கள், நானே கொண்டாடுகிறேன். பெரிய உலையில் கீழ்ப்பகுதி கோக் படுக்கை நொறுங்கினால் வாயு ஏறாது, கசடு வடியாது. பிரேசிலில் முழுக்க மரக்கரியிலேயே உலை ஓட்டுகிறார்கள் என்றால், அவை சிறிய உலைகள். கரி நொறுங்கும் என்பதால்தான் சிறியவை.

டுயர்வாசல் | பதிவு 11

சரி, அப்படியானால் கோக்கில் எதற்கு? டுயர் (ஊதுலைக்குள் சூடான காற்றை ஊதும் குழாய்) வழியாக ஊதுங்கள். அங்கே வலிமை வேண்டாம், வினைத்திறன் கூடினால் நல்லது, நைசாக அரைத்தால் இன்னும் நல்லது. கோக் அடுப்பில் குறையாக நிற்கிற எல்லாக் குணமும் டுயரில் குணமாகவே நிற்கும். அதே பிரேசில் உலைகளில் கரித்தூளை அப்படித்தான் ஊதுகிறார்கள்.

கரிமுட்டம் | பதிவு 12

ஒத்துக்கொள்கிறேன், ஊதும் வசதி இருந்தால் முதல் டன் மரக்கரி அங்கேதான் போக வேண்டும். ஆனால் ஊதுவது எவ்வளவு கூடினாலும் டன்னுக்கு 300 கிலோ வாக்கில் கோக் படுக்கை வேண்டும், அந்தப் பங்கைத் தொட கோக் கலவை ஒன்றுதான் வழி. உலை இல்லாமல் கோக் மட்டும் செய்து விற்கிறவர்களுக்கு டுயர் எங்கே இருக்கிறது?

வாசகர்_27 | பதிவு 13

ஜப்பானில் ‘பயோ-கோக்’ என்று மரத்தை அழுத்தியே கோக் செய்கிறார்களாமே? அதைப் போட்டால்?

உருகுநிலை | பதிவு 14

பெயர்தான் ஒன்று. அது மரத்தூளைச் சூடாக்கிப் பெரும் அழுத்தத்தில் இறுக்கிய கட்டி. வாலடைல் முழுக்க உள்ளேயே இருக்கிறது. குபோலாவில் (வார்ப்பிரும்பு உருக்கும் உலையில்) வார்ப்படக் கோக்குக்குப் பதிலாகக் கொஞ்சம் போடலாம் என்ற நோக்கில் வந்தது. நாம் பேசுகிற விஷயம் வேறு.

கலவைமேடை | பதிவு 15

நன்றி. மரத்தூளைக் கைவிட்டாயிற்று. பட்டை உரித்த மரத்தின் கரி, வாலடைல் 10 – 15, 3 – 6 மி.மீ., மில்லுக்குப் பின்னால். சோதனையை எப்படி அடுக்குவது? நேரே 5இல் தொடங்கலாமா?

உருகுநிலை | பதிவு 16

வேண்டாம். 0, 2, 3.5, 5 என்று நான்கு படி. 0 கட்டாயம் அதே நாளில், அதே நிலக்கரியில் செய்ய வேண்டும். போன மாத சராசரியோடு ஒப்பிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது.

முதலில் பெட்டிச் சோதனை. துளையிட்ட இரும்புப் பெட்டியில் 5 – 10 கிலோ கலவையை நிரப்பி வழக்கமான சார்ஜோடு அடுப்புக்குள் அனுப்புவது. எல்லாப் பெட்டியையும் ஒரே எடைக்கு நிரப்பாதீர்கள். ஒரு வரிசை ஒரே அடர்த்தியில், இன்னொரு வரிசை தானாக விழுந்த அடர்த்தியில். முதல் வரிசை கரியின் பாதிப்பை மட்டும் காட்டும், இரண்டாவது அடர்த்தியின் பங்கையும் சேர்த்துக் காட்டும். அடுப்புமேல் சொன்ன அந்தப் பாதிப் பழி யாருடையது என்று அப்போது தெரியும்.

அதில் தேறிய அளவை 300 – 400 கிலோ அசையும் சுவர் அடுப்பில் (சுவர் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை அடுப்பு). பிறகுதான் முழு அறை.

சிஎஸ்ஆர் எடுக்கும்போது ஒரு பொறி. 20 மி.மீ. வாக்கில் உடைத்த கோக் 200 கிராம், 1100 டிகிரி, கார்பன் டை ஆக்சைடில் 2 மணி நேரம், பிறகு ஐ-டிரம்மில் (குழாய் வடிவச் சோதனை உருளையில்) 600 சுற்று. உடைக்கும்போது கரித்துண்டு இருக்கும் இடத்தில்தான் கோக் முதலில் பிளக்கும், அந்தத் துணுக்குகள் சல்லடைக்குக் கீழே போய்விடும். சோதனைக்கு வருவது கரி குறைந்த நல்ல கோக். எண் அழகாக வரும். 20 மி.மீ.க்குக் கீழே போனது எத்தனை சதவீதம் என்பதையும் எழுதி வையுங்கள், எம்40, எம்10 (டிரம்மில் சுழற்றிய பின் 40 மி.மீ.க்கு மேல் நிற்பதும் 10 மி.மீ.க்குக் கீழே நொறுங்கியதும் எத்தனை சதவீதம்) இரண்டையும் தவறாமல் எடுங்கள். குறைந்தது மூன்று முறை. கரி சீராகக் கலக்கவில்லை என்றால் மூன்று எண்களும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும், அதுவே ஒரு தகவல்.

ஃப்ளூயிடிட்டி 400 என்பதில் உங்களுக்கு மிச்சம் அதிகம் இல்லை. 3.5ஐத் தாண்டும்போது எம்10 ஏற ஆரம்பித்தால் ஒட்டுவது போதவில்லை என்று பொருள். 1 – 2 சதவீதம் பிட்ச் (தார் வடித்தபின் மிஞ்சும் ஒட்டும் பொருள்), அல்லது நன்றாக இளகுகிற வேறொரு நிலக்கரியைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பிட்சைக் கரியோடு நேரே கலக்காதீர்கள், கரியே குடித்துவிடும். நிலக்கரியோடு முதலில் கலந்து, கரி கடைசியில்.

அடுப்புமேல் | பதிவு 17

இன்னொரு வழி, அடர்த்தியும் கலப்பும் சேர்ந்து தீர: கரித்தூளை நல்ல கோக்கிங் நிலக்கரி, பிட்ச் இரண்டோடும் சேர்த்து பிரிக்கெட் (அழுத்திய கட்டி) ஆக்கிச் சார்ஜில் விடுவது. செலவுதான். சரிவுக் குழாயில் உடைந்து தூளாகாமல் இருக்கிறதா என்று டவருக்கு அடியில் மாதிரி எடுத்துப் பாருங்கள், அழுத்திய இடத்தில் எடுக்கிற மாதிரி பொய் சொல்லும்.

கரிமுட்டம் | பதிவு 18

சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக எடுத்த மரக்கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சித் தானே சூடாகும், குவியலின் நடுவில் தீப்பிடிக்கும். போக்குவரத்து விதிகளில் இதற்கு ஐ.நா. எண் 1361, தானே சூடாகும் பொருள்களின் பிரிவு 4.2. குளிர்விக்காத கரியை வாங்கி நேரே பங்கரில் நிரப்பாதீர்கள். காற்றுப் படும்படி தாழ்ந்த குவியலாக ஒரு நாளாவது கிடக்க வேண்டும், நடுவில் தெர்மோகப்பிள் குத்தி வெப்பம் ஏறாமல் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பங்கர். பங்கரில் கார்பன் மோனாக்சைடு மீட்டர் வையுங்கள். புகை தெரிவதற்கு வெகு முன்னாலேயே அது ஏறும். டிரான்ஸ்ஃபர் பாயின்டில் தூசி எடுக்கும் குழாயில் தீப்பொறி தடுப்பு வேண்டும், கரித்தூசி காற்றில் வெடிக்கும்.

கலவைமேடை | பதிவு 19

தூசிக்காகத் தண்ணீர் தெளித்து வைக்கலாமா?

சுவரோரம் | பதிவு 20

தெளிக்கலாம், ஆனால் ஃபீடர் கணக்கை மாற்ற வேண்டும். 5 கிலோ உலர் கரி வேண்டும், கரியில் ஈரம் 30 சதவீதம் என்றால் ஃபீடர் 7.1 கிலோ விட வேண்டும். மாற்றாமல் 5 கிலோவே விட்டால் உண்மையில் போவது 3.5. சிஎஸ்ஆர் நன்றாகத் தாங்குகிறது என்று எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் கரியின் ஈரத்தைத் தனியாக, 105 டிகிரி அடுப்பில் வைத்து எடுங்கள். நிலக்கரிக்கு வைத்த நேரம் இதற்குப் போதாது, எடை இறங்குவது நிற்கும் வரை விடுங்கள்.